இறக்கை முற்றம்: குளிர்காலத்திலும் கழகக் கதவு திறந்திருக்க

இம்முறை கேள்விகள் அனைத்தும் ஒன்ராறியோவின் சிறு அல்ட்ராலைற் (மிக இலேசான சிறு விமானம்) கழகங்களிலிருந்து வந்தவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் கழகத்தில் பன்னிரண்டு பேர், நான்கு விமானங்கள். நவம்பர் வந்துவிட்டால் களத்துப் பக்கம் ஒருவரும் தலைகாட்டுவதில்லை. ஏப்ரலில் பார்த்தால் இரண்டு பேர் சந்தாவையே நிறுத்தியிருப்பார்கள். என்ன செய்யலாம்? – பீற்றர்பரோ

"வானம் நல்லாயிருந்தால் வாருங்கோ" என்று சொல்லி வைப்பதுதான் கழகத்தைக் கெடுக்கிறது. நல்ல வானம் எது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். கடைசியில் ஒருவரும் வரமாட்டார்கள். நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மாதத்தின் முதலாம், மூன்றாம் சனிக்கிழமை, காலை 9.30 என்று வைத்துக்கொள்ளலாம். பறக்க முடிந்தால் பறப்பு, முடியாவிட்டால் வேலை அல்லது வகுப்பு. எது என்பதை அன்று காலை 7.30க்கு ஒருவர் மட்டும் முடிவுசெய்து வாட்ஸ்அப்பில் போடட்டும். வருவதா இல்லையா என்ற பேச்சுக்கே இடம் வைக்கவேண்டாம்.

தென் ஒன்ராறியோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான். அல்ட்ராலைற் பகலில் மட்டுமே பறக்கலாம். எஞ்சினைச் சூடாக்க இரண்டு மணி நேரம் போய்விடும் என்பதால் பத்து மணிக்கு மேல் தொடங்கினால் இரண்டு விமானத்துக்கு மேல் ஏறாது. ஹீற்றரைப் போடுபவர் 7.30க்கே களத்தில் நிற்கவேண்டும். அந்த முறையைச் சுழற்சியில் விடுங்கள்; ஒருவர் தலையிலேயே கட்டினால் ஜனவரியோடு அவரும் வரமாட்டார்.

கையில் கொஞ்சப் பணம் இருந்தால் முதலில் சூடான ஓர் அறை. பழைய இழுவை வண்டி ஒன்றுக்குள் மின்ஹீற்றரும் கேத்திலும் இருந்தால் போதும். விமானத்துக்குப் புதுக் கருவி வாங்குவது அதற்குப் பிறகு.

வகுப்புக்கு ஆள் தேடவேண்டியதில்லை. அல்ட்ராலைற் அனுமதிக்குத் தரைப்பாடம் குறைந்தது 20 மணி நேரம் வேண்டும். எட்டுச் சனிக்கிழமை, நாளுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் கணக்குச் சரி. வசந்தத்தில் மாணவர் நேரே விமானத்தில் ஏறலாம். பழைய உறுப்பினருக்கும் வேலை உண்டு. 24 மாதத்துக்கு ஒருமுறை மீள்பயிற்சி செய்திருக்கவேண்டும் என்பது விதி. ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் விமானப் பாதுகாப்பு மடலில் வரும் கேள்வித்தாளைப் பூர்த்திசெய்தாலே அதற்குப் போதும். தனித்தனியே செய்யாமல் அறையில் எல்லோருமாக இருந்து செய்யுங்கள். வான்வெளிப் பிரிவுகள், விமானிகளுக்கான அறிவித்தல்கள் பற்றிய கேள்விகளில் வரும் வாக்குவாதம் இரண்டு மணி நேரத்துக்குக் காணும்.

−12 பாகையில் எங்கள் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் ஸ்ரார்ட் ஆக மறுக்கிறது. சோக்கை முழுதாக இழுத்து, த்ரொட்டிலும் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தோம். – பரி

அந்தக் "கொஞ்சம் த்ரொட்டில்"தான் வில்லங்கம். 912இல் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பிங் காபரேற்றரில் சோக் என்பது காற்றை மறிக்கும் தகடல்ல. கூடுதல் பெற்றோலை உறிஞ்சி எடுக்கும் தனி வழி. த்ரொட்டில் முழுக்க மூடியிருந்தால்தான் அந்த வழியில் உறிஞ்சல் இருக்கும். லீவரைக் கால் அங்குலம் தள்ளினாலே உறிஞ்சல் போய்விடும், சோக் வெறும் அலங்காரம். த்ரொட்டிலை ஐடிலில், அதாவது முழுக்க மூடிய நிலையில், வைத்து, சோக்கை முழுதாக இழுத்துச் சுற்றுங்கள். பிடித்த பிறகு மெதுவாகச் சோக்கை விடுங்கள்.

அடுத்தது பற்றரி. எஞ்சின் நிமிடத்துக்கு 220 சுற்றாவது சுற்றினால்தான் இக்னிஷன் பொறி தரும். குளிரில் எண்ணெய் தடித்து, பற்றரியும் சோர்ந்திருந்தால் புரொப்பெல்லர் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், பிளக்கில் பொறியே இராது. இதைக் கண்டுகொள்ளாமல் காபரேற்றரைக் கழற்றிப் பாதி நாளைத் தொலைப்பவர்கள் அதிகம். ஈயப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டவேண்டும். சார்ஜ் இறங்கிய பற்றரி −10 பாகைக்குக் கிட்டவே உறைந்து வெடிப்பு விடும். நிறைந்த பற்றரிக்கு ஒன்றும் ஆகாது. லித்தியம் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுவிடும்.

சூடாக்குவது −5இலிருந்தே நல்லது, −10க்குக் கீழே கட்டாயம். எண்ணெய் −25க்குக் கீழே இருந்தால் ஸ்ரார்ட் செய்யவே கூடாது என்பது தயாரிப்பாளரின் வரம்பு. எண்ணெய்த் தாங்கியில் ஒட்டும் சூட்டுப் பட்டை மட்டும் போதாது. 912இல் எண்ணெய் எஞ்சினுக்கு வெளியே தனித் தாங்கியில் இருக்கிறது. அது சூடாகிவிட்டாலும் சிலிண்டரும் கியர்ப்பெட்டியும் ஐஸாகவே இருக்கும். 1500 வாற் மின்ஹீற்றரின் காற்றை உலோகக் குழாய் வழியாகக் கவுலிங்குக்கு (எஞ்சின் மூடி) கீழே விட்டு, மேலே தடித்த போர்வை போட்டு மூடுங்கள். குழாயின் வாய் றப்பர் ஹோஸ்களிலிருந்து ஒரு அடியாவது தள்ளியிருக்கட்டும். புரொப்பேன் ஹீற்றரைப் போட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகவேண்டாம்.

பிறகு இரண்டு மக்னெற்றோ சுவிச்சும் ஓஃப் என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். எண்ணெய்த் தாங்கியில் களகளவென்று சத்தம் கேட்டால் எண்ணெய் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அளவு பார்த்தால்தான் அது அளவு. மறுதிசையில் ஒருபோதும் சுற்றாதீர்கள், எண்ணெய் வழிக்குள் காற்றுப் புகும்.

ஸ்ரார்ட் ஆகி 10 செக்கனுக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறவேண்டும், இல்லையேல் நிறுத்துங்கள். ஏறினால் 2000 சுற்றில் இரண்டு நிமிடம், பிறகு 2500. எண்ணெய் 50 பாகையைத் தொடும்வரை அதற்கு மேல் கொடுக்கவேண்டாம். எண்ணெய்க் கூலரின் பாதியை அலுமினிய ரேப்பால் மூடினால் விரைவில் ஏறும். பறக்கும்போது 90க்குக் கீழேயே நின்றால் இன்னும் கொஞ்சம் மூடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எண்ணெய்த் தாங்கியின் மூச்சுக்குழாய். அதன் நுனி கவுலிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் விடும் ஈரம் அந்த நுனியில் உறைந்து அடைத்தால் தாங்கியில் அழுத்தம் ஏறி எண்ணெய் வேறு வழி தேடும். கவுலிங்குக்குள் சூடான இடத்தில் அந்தக் குழாயில் சிறிய கீறல் ஒன்று இருக்கவேண்டும். நுனி அடைத்தாலும் அதனால் மூச்சு விடும்.

பறக்காத வாரங்களில் பத்து நிமிடம் ஓடவிட்டால் எஞ்சினுக்கு நல்லதுதானே? – பரி

கெடுதல். பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பங்கு எண்ணெயில் இறங்கும். ஓடும் நாளில் ஒருதடவையாவது எண்ணெய் 100 பாகையைத் தொட்டால்தான் அந்த நீர் வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் 50க்கு மேல் போகாது. ஒவ்வொரு வாரமும் எண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஒன்றில் முழுச் சூட்டில் அரை மணி நேரம் பறவுங்கள், இல்லையேல் எண்ணெயை மாற்றி, உள்ளே பாதுகாப்பு எண்ணெய் தெளித்து, புகைக்குழாயையும் காற்று வழியையும் அடைத்துத் தொடாமல் விடுங்கள். இடைப்பட்ட வழி கிடையாது.

ரோட்டாக்ஸ் 582 என்ற இரண்டு ஸ்ரோக் எஞ்சின் வைத்திருக்கிறோம். கோடையில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஜனவரியில் இறங்கி வந்து மீண்டும் பவர் கொடுத்தபோது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஏன்? – ஒறிலியா

இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலாவதைத்தான் சந்தேகிக்கிறோம். நீண்ட நேரம் ஐடிலில் இறங்கும்போது, கூலண்ட் றேடியேற்றருக்குப் போகும் வழியிலுள்ள தேர்மோஸ்ரற் வால்வு மூடிக்கொள்ளும். றேடியேற்றரில் நிற்கும் கூலண்ட் −10 காற்றில் ஐஸ்போல் ஆகிவிடும். நீங்கள் சடாரென்று பவர் கொடுத்ததும் பிஸ்ரன் நொடியில் விரியும். தேர்மோஸ்ரற் திறந்து குளிர்ந்த கூலண்ட் சிலிண்டரைச் சுற்றிப் பாயும், சிலிண்டர் சுருங்கும். இடைவெளி போய்ப் பிஸ்ரன் பிடித்துக்கொள்ளும். அதனால் இறங்கும்போது எஞ்சினை ஐடிலுக்கு விடாமல் கொஞ்சம் பவரோடு வாருங்கள். மேலே ஏற்றும்போது படிப்படியாக ஏற்றுங்கள். றேடியேற்றரில் ஒரு பகுதியை மூடுங்கள். புறப்படுமுன் கூலண்ட் 65 பாகை காட்டவேண்டும்.

இரண்டாவது, பெற்றோலும் காற்றும் சேரும் கலவை. +15 பாகையில் இருப்பதைவிட −15இல் காற்று ஏறக்குறைய 12 வீதம் அடர்த்தி. பெற்றோல் காபரேற்றரின் அதே ஜெற்றால்தான் (சிறு துளை) வருகிறது. கலவை மெலிந்து புகைச்சூடு ஏறும். 582க்கு 650 பாகை எல்லை. கோடையில் 600இல் ஓடிய எஞ்சின் குளிரில் எல்லையைத் தட்டினால், பிரதான ஜெற்றை ஒரு அளவு பெரிதாக்குங்கள். நடுத்தர பவரில் மட்டும் சூடு ஏறுகிறதென்றால் காபரேற்றர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யவேண்டாம், எது பலித்தது என்று தெரியாமல் போகும். மாற்றிய ஜெற் அளவைக் காகிதத்தில் எழுதிக் கருவிப் பலகையில் ஒட்டுங்கள்; மே மாதம் திருப்பிப் போடவேண்டுமே.

எண்ணெய் கலந்து ஓட்டுபவர்களுக்கு: 50க்கு 1 என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். குளிரில் அது தேன்போல் அடியில் போய் நிற்கும். சூடான அறையில் வைத்திருந்த எண்ணெயை ஒரு லீற்றர் பெற்றோலில் கலக்கி, பிறகு கானுக்குள் ஊற்றிக் குலுக்குங்கள். கலக்கும் வேலையை ஹீற்றருக்குக் கிட்ட, அறைக்குள் செய்யவேண்டாம்.

இறக்கையில் மெல்லிய உறைபனிதான். ஓடும்போது பறந்து போய்விடாதா? – கிங்ஸ்ரன்

போகாது. நடுத்தர உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்கும் விசையை 30 வீதம்வரை குறைக்கும், இழுவையை 40 வீதம்வரை கூட்டும். இறக்கையில் உறைபனி ஒட்டியிருக்கப் புறப்படுவது கனடாவில் சட்டப்படியே தவறு. துணி இறக்கையைச் சுரண்டாதீர்கள். வெந்நீர் ஊற்றினால் கீல்களுக்குள் ஓடி அங்கே உறையும். மென்தூரிகையால் தட்டி, வெயிலுக்கு நேரே திருப்பி வையுங்கள். முதல் நாள் மாலையே உறை போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை.

களத்தில் பனியை வழிப்பதா, அழுத்துவதா? எங்களிடம் ஸ்கீ போட்டது ஒன்று, சில்லுள்ளவை மூன்று. – பீற்றர்பரோ

இரண்டும் செய்யவேண்டியதுதான். பாதையை நீளவாட்டில் பிரித்து, ஒரு பாதியை வழியுங்கள், மறு பாதியை ஸ்னோமொபைலின் பின்னால் பாரமான மரச்சட்டம் கட்டி இழுத்து அழுத்துங்கள். பனி நின்ற அன்றே அழுத்தி, இரவு இறுக விடுங்கள். மறுநாள் காலை தரை மாதிரி இருக்கும். வழித்த பாதியின் ஓரத்தில் பனிமேடு எழுப்பவேண்டாம், தூர எறியுங்கள். பக்கக் காற்றில் சில்லு ஒரு அடி விலகினாலே அந்த மேடு விமானத்தைத் திருப்பிப் போட்டுவிடும்.

ஸ்கீக்குப் பிரேக் இல்லை. எஞ்சின் சோதனையைக் கயிற்றால் கட்டி வைத்துச் செய்யுங்கள். ஸ்கீயின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் றப்பர் கயிறு குளிரில் விறைக்கும், பழசானால் தளரும். பறக்கும்போது மூக்கு கீழே சரிந்தால் விமானமும் கூடவே சரியும். ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் புதிது போடுங்கள், முன்னும் பின்னும் உள்ள காப்புக் கேபிள்களையும் பாருங்கள். இறங்கியதும் நின்ற இடத்திலேயே விட்டால், உராய்வில் சூடான ஸ்கீ பனியை உருக்கி அதிலேயே உறைந்துவிடும். பலகைத் துண்டுகள் மேல் ஏற்றி நிறுத்துங்கள். ஒட்டிவிட்டதென்று, எஞ்சின் ஓட ஓட ஒருவர் இறங்கிப்போய்த் தள்ளுவது நடக்கவே கூடாது. பனியில் கால் வழுக்கும் பக்கம் புரொப்பெல்லர் இருக்கிறது.

மேகமூட்ட நாளில் வெள்ளைத் தரையின் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. பாதையின் இரு ஓரத்திலும் ஸ்புறூஸ் கிளைகளை 50 மீற்றருக்கு ஒன்றாகக் குத்தி வையுங்கள்.

குளிரில் கட்டுப்பாட்டுக் கேபிள்கள் தளர்ந்து கிடக்கின்றன. இறுக்கலாமா? – மார்க்கம்

வேண்டாம். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 5 மீற்றர் நீளத்தில் 40 பாகை வித்தியாசத்துக்குச் சட்டம் 4.6 மில்லிமீற்றர் குறைந்தால் எஃகுக் கேபிள் 2.4தான் குறையும். மிச்சம் இரண்டு மில்லிமீற்றரைத்தான் தளர்வாகப் பார்க்கிறீர்கள். −20இல் டர்ன்பக்கிளை (கேபிளை இறுக்கும் திருகு) இறுக்கினால் ஜூலையில் கேபிள் வீணைத் தந்திபோல் நிற்கும். கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் அளந்து முடிவெடுங்கள்.

விமானத்தை வெளியே கட்டி வைத்திருக்கிறோம். போதுமா? – லிண்ட்சே

15 சதுர மீற்றர் இறக்கையில் 20 சென்ரிமீற்றர் ஈரப்பனி நின்றால், கன மீற்றருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் 600 கிலோ. அடிப்படை அல்ட்ராலைற்றுக்கு அனுமதித்த உச்ச எடையே 544 கிலோதான். இறக்கையைக் கழற்றி உள்ளே வையுங்கள், அல்லது பனி விழும் இரவுக்கு முறை போட்டு ஆள் அனுப்புங்கள். உள்ளே வைத்தால் எலி வரும். அதன் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். இறக்கைக்குள் கூடு கட்டினால் வெளியே தெரியாது. புகைக்குழாய், காற்று வழி, இறக்கை வேர் எல்லாவற்றையும் அடைத்து, ஒவ்வொரு அடைப்பிலும் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள்.

குளிர்காலப் பெற்றோல் மிச்சமிருந்தால் வசந்தத்தில் பாவிக்கலாமா? – ஒறிலியா

காரில் ஊற்றுங்கள். குளிரில் எளிதாக ஸ்ரார்ட் ஆகவேண்டும் என்று அந்தக் கலவையை விரைந்து ஆவியாகும்படி செய்கிறார்கள். மே மாதச் சூட்டில் அது குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சினுக்குப் போகும் வழியை மறிக்கும். எத்தனால் கலந்ததென்றால் இன்னொன்றும் உண்டு. குளிரக் குளிர அது தாங்கும் நீரின் அளவு குறையும், நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரியும். −10இல் வடிகுழாயைத் திறந்து ஒன்றும் வரவில்லை என்றால் நீர் இல்லை என்று எண்ணாதீர்கள். அது ஐஸாகி வால்வில் நிற்கலாம். ஹீற்றரைப் போட்டுச் சூடான பிறகு மறுபடியும் வடித்துப் பாருங்கள்.