ஜாக்கோ பாஸ்டோரியஸ்: ஒரு பேஸ் கிடார் கலைஞரைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிடாரை வாசித்தும் கற்பித்தும் வருபவன் என்பதால், ஜாக்கோவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் எல்லைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் இவரைக் கேட்டதே இல்லை. யார் இவர்? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: 1951 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நாரிஸ்டவுனில் பிறந்து, சிறுவயதிலேயே ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து வளர்ந்த ஜாஸ் பேஸ் கிடார் கலைஞர். தந்தை டிரம்ஸ் வாசிப்பவர். மகனும் அதைத்தான் கற்றார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மணிக்கட்டில் பட்ட அடி அவரை டிரம்ஸிலிருந்து பேஸ் கிடாருக்குத் திருப்பியது. அந்தத் தாள அறிவு பின்னாளில் அவர் வாசித்த ஒவ்வொரு சுரத்திலும் கேட்கும். 1976இல் வந்த முதல் தனி ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உருப்படியான ‘டானா லீ’யில், சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பெயரில் வழங்கும் அந்த வேகமான மெட்டை, காங்கா என்னும் கைமுரசு மட்டும் துணை நிற்க, பேஸ் கிடாரில் வாசித்திருப்பார். சாக்ஸபோனுக்கு உரியது என்று எல்லாரும் எண்ணியிருந்த மெட்டு அது. அடுத்து, அதே ஆண்டில் அவர் சேர்ந்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977). ‘பேர்ட்லாண்ட்’ தொடக்கத்தில் உச்சத்தில் ஒலிக்கும் மெட்டைக் கிடார் என்று பலர் நினைக்கிறார்கள். வலக்கைக் கட்டை விரலால் கம்பியை மெல்லத் தொட்டு, பக்கத்து விரலால் மீட்டி அவர் எழுப்பிய ஹார்மோனிக்ஸ், அதாவது மணிபோல் ஒலிக்கும் மேல்சுரங்கள், அது. மூன்றாவதாக, ஜோனி மிட்செலின் ‘ஹெஜிரா’ (1976): பாடகியின் குரலோடு பேஸ் கிடார் உரையாடும் விதத்தை அதில் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, என் பேஸ் கிடாரின் விரற்பலகையில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டால் அவருடைய ஒலி வருமா?

பதில்: வராது. பிடுங்காதீர்கள். என் முதல் கிடாரில் திருப்புளியை விட்டு நெம்பினேன். மூன்றாவது ஃப்ரெட்டோடு விரற்பலகையிலிருந்து ஒரு சிராய் பெயர்ந்து வந்தது. பழுது பார்த்தவர் கேட்ட கூலியில் இன்னொரு கிடாரே வாங்கியிருக்கலாம்.

கேள்வி: ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடாரைக் கண்டுபிடித்தவர் ஜாக்கோதானே?

பதில்: இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் 1960களின் தொடக்கத்திலேயே தன் கருவியில் ஃப்ரெட்டுகளை நீக்கிவிட்டார். 1966இல் ஆம்பெக் நிறுவனம் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிடாரும் வந்தது.

கேள்வி: மன்னிக்கவும், இந்தப் பதில் அவர் பெருமையைக் குறைக்கிறது. வெண்ணெய்க் கத்தியால் ஃப்ரெட்டுகளை அவரே நெம்பி எடுத்ததாகப் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறாரே?

பதில்: சொல்லியிருக்கிறார், தான் வாங்கும்போதே அவை இல்லை என்றும் வேறொரு சமயம் சொல்லியிருக்கிறார். தம்மைப் பற்றிய கதைகளைத் தாமே வளர்த்தவரின் சொல்லைச் சான்றாகக் கொண்டு வாதாட முடியாது. கருவியை முதலில் செய்தவர் யார் என்பதும், அதன் ஒலியை உலகத்துக்குப் புரியவைத்தவர் யார் என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு மட்டுமே ஜாக்கோ விடை. 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இருந்த பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினைப் பலகைமேல் பல பூச்சுகளாகப் பூசினார். அவர் பயன்படுத்திய கம்பிகள் வட்டச் சுற்றுடையவை, அதாவது உருண்டையான மெல்லிய கம்பி மேலே சுற்றப்பட்டுச் சொரசொரப்பாக இருப்பவை. அவை வெறும் மரத்தை அரம்போல் அறுத்துவிடும். கெட்டியான அந்தப் பூச்சு மரத்தைக் காத்ததோடு, சுரத்துக்கு நீண்ட கார்வையையும் கூர்மையையும் தந்தது.

கேள்வி: இந்த விவாதத்தில் நானும் கலந்துகொள்கிறேன். வீணையில் ஃப்ரெட் போன்ற மெட்டு உண்டு, சித்திரவீணையில் இல்லை. அப்படியானால் ஜாக்கோ வாசித்ததும் ஒரு வகைக் கமகம்தானே?

பதில்: சித்திரவீணையில் கம்பிமேல் ஒரு கட்டை வழுக்கிச் செல்கிறது; பேஸ் கிடாரில் விரலே கம்பியைப் பலகையோடு அழுத்துகிறது. ஆகவே சித்திரவீணையைவிட வயலினுக்கே அவர் நெருக்கம். மேலும், கமகத்தில் அசைவே சுரத்தின் வடிவம். ஜாக்கோவிடம் பெரும்பாலும் சுரம் நேராக வந்து நிற்கும், பின்பு அதன் முனையில் மெல்லிய அதிர்வு சேரும். ஒன்று கவனியுங்கள்: ஃப்ரெட் உள்ள கருவியில் விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அமர வேண்டும், இல்லாததில், ஃப்ரெட் இருந்த கோட்டின் மேலேயே அமர வேண்டும். மயிரிழை தவறினாலும் சுருதி விலகும். ஃப்ரெட்டைப் பிடுங்காதீர்கள் என்று நான் மன்றாடுவதன் காரணம் இதுவே.

கேள்வி: அவர் எந்த ஆம்ப், எந்தக் கம்பி பயன்படுத்தினார்?

பதில்: அகௌஸ்டிக் 360 என்னும் ஆம்ப் (ஒலிபெருக்கி), ரோட்டோசவுண்ட் கம்பி. இரண்டையும் வாங்குவதற்குமுன், கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளில் பின்னால் உள்ளதை மட்டும் திறந்து, கம்பிகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்கு அருகே மீட்டிப் பாருங்கள். செலவில்லாமல் பாதி வழி வந்துவிடுவீர்கள்.

கேள்வி: பழைய கிடார் ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலாவது ஃப்ரெட்டை எடுக்கலாமா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: போதையும் பித்தும் இல்லாமல் இத்தகைய மேதைமை வந்திருக்குமா?

பதில்: இந்தக் கேள்வி என்னை எப்போதும் வருத்துகிறது. ‘டானா லீ’, ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’, ‘டீன் டவுன்’ ஆகிய மூன்றும் 1977க்குள் வெளிவந்துவிட்டன. இருமுனை மனநலக் கோளாறு அவருக்கு இருப்பதாக 1982இல் கண்டறியப்பட்டது. நோயும் குடியும் முற்றிய ஆண்டுகளில் வேலை குறைந்தது, நண்பர்கள் விலகினர், பூங்காவில் உறங்கும் நிலை வந்தது. 1987 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் வில்டன் மேனர்ஸில் ஓர் இரவு விடுதி வாசலில் அங்குப் பணியாற்றியவர் அடித்த அடியில் நினைவிழந்து, 21ஆம் தேதி 35 வயதில் இறந்தார். அடித்தவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 22 மாதங்கள். சிறையில் கழித்தது ஏறக்குறைய 4 மாதங்கள். அந்த நோய் கலையைத் தந்தது என்பவர்கள், அது பறித்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

கேள்வி: பேஸ் வாசித்துப் பிழைக்க முடியுமா?

பதில்: அது வேறொரு நாளுக்குரிய கேள்வி.

கேள்வி: அவருடைய அந்தக் கிடார் என்னவாயிற்று?

பதில்: 1986இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் களவு போயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் வெளிப்பட்டது. அதைக் குடும்பத்தார் மீட்பதற்கு 2010இல் மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ உதவினார்.

கேள்வி: ஒரு மாதமாக ‘டானா லீ’ பழகுகிறேன். வேகம் வரவில்லை. என்னிடம் ஃப்ரெட் இல்லாத கிடார்தான் இருக்கிறது, பிடுங்கியது நானல்ல.

பதில்: நல்ல வேளை. கிடாரைக் கீழே வைத்துவிட்டு, முதல் எட்டு பார்களை (தாளப் பகுதிகளை) வாயால் பாடுங்கள். பாட முடியாத இடத்தில்தான் விரலும் தடுமாறும். பிறகு தம்புராச் செயலியில் ‘ஏ ஃப்ளாட்’ சுருதியை ஓடவிட்டு, பாதி வேகத்துக்கும் குறைவாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஏறும்போது சுருதி சரியாக இருந்து, இறங்கும்போது விலகுகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலோர் இறங்கும்போதுதான் விலகுகிறார்கள், இடக்கைக் கட்டை விரல் கிடாரின் கழுத்துக்குப் பின்னால் சிக்கிக்கொள்வதால். அதைத் தளர்த்திவிட்டு அடுத்த வாரம் எழுதுங்கள்.