வாசகர் கேள்வி பதில்: பூமுகத்துல நிக்குத ஹார்மோன், உள்ள ஓடுதது யாரு?

கேள்வி (நர்சிங் மாணவி, தக்கலை): அட்ரினலின் செல்லுக்கு உள்ளயே போவாதுன்னு மேடம் சொன்னாங்க. உள்ள போவாம உள்ள நடக்குத வேலைய எப்படி சார் மாத்தும்? ரெண்டாம் தூதர்னு போர்டுல எழுதினாங்க, மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா புரியல.

பதில்: மக்ளே, தக்கலைக்காரிதானே, பத்மநாபபுரம் அரண்மனைய எத்தனை தடவ பாத்திருப்ப. அந்தக் காலத்துல சேதி கொண்டு வந்த ஒருத்தன் பூமுகத்துல, அதான் வாசல் மண்டபத்துல, நிக்குதான்னு வச்சுக்கோ, அவன நேரா உள்ள இருக்குத ஊட்டுப்புரைக்குள்ள, சாப்பாட்டு மண்டபத்துக்குள்ள விடுவாங்களா, விட மாட்டாங்க, அவன் சொன்னதக் கேட்டு உள்ள ஓடுததுக்கு வேற ஆள் வேணும். அட்ரினலின்ங்குத ஹார்மோன் நிலைமையும் அதேதான். அது தண்ணில கரையுத ரகம், செல்லோட மேல்தோல் கொழுப்பு, தாண்ட முடியாது. அதனால வாசல்ல இருக்குத, சேதி வாங்குத ரிசப்டரப் பிடிச்சு அசைக்கும், அது உள்பக்கம் ஒட்டிக்கிடக்குத ஜி புரோட்டீன எழுப்பும், ஜி புரோட்டீன் போய் அடினைலில் சைக்ளேஸ்ங்குத என்சைம முடுக்கும், அந்த என்சைம் செல்லுக்கு சக்தி குடுக்குத ஏடிபிய எடுத்து சைக்ளிக் ஏஎம்பியா மாத்தி மாத்தி உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். இந்த சைக்ளிக் ஏஎம்பிதான் உங்க மேடம் சொன்ன ரெண்டாம் தூதர்.

இதக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன். அமெரிக்க விஞ்ஞானி ஏர்ல் சதர்லாண்டும் கூட இருந்தவங்களும் 1950கள்ல ஈரல அரைச்சு அதுல அட்ரினலின் விட்டுப் பாத்தாங்க, ஈரல் சேத்து வச்ச சர்க்கரையான கிளைக்கோஜன உடைக்குத என்சைம் வேலை செஞ்சுது. அரைச்சத மிஷின்ல வேகமாச் சுழட்டி மேல்தோல் துண்டுகளத் தனியாப் பிரிச்சுட்டா, மிச்சத்துல எவ்வளவு அட்ரினலின் விட்டாலும் அசையல. அப்புறம் அந்தத் துண்டுகள்ல மட்டும் அட்ரினலின் விட்டு, அதுல உண்டானத கொதிக்கவச்சு எடுத்து மிச்சத்துல ஊத்தினாங்க பாரு, என்சைம் எழும்பிட்டு! புரோட்டீனா இருந்தா கொதிச்சதுல கெட்டுப் போயிருக்கும், அப்போ இது வேற ஏதோ சின்னப் பொருள். அதுதான் சைக்ளிக் ஏஎம்பி, 1971ல சதர்லாண்டுக்கு நோபல் பரிசு வந்தது இதுக்காக்கும். ஜி புரோட்டீன் சங்கதி பின்னால தெரிஞ்சுது, அதுக்கு 1994ல கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும்.

ஏன் இவ்வளவு சுத்து வழின்னு கேப்ப. விடியக்காலம் தலைல லைட்டக் கட்டிக்கிட்டு ரப்பர் வெட்டப் போறவரு காலடில விரியனப் பாத்தா, ரத்தத்துல ஊறுத அட்ரினலின் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா ஒரு ரிசப்டர் பல ஜி புரோட்டீன எழுப்ப, ஒரு சைக்ளேஸ் ஏராளமா சைக்ளிக் ஏஎம்பி செய்ய, அது ‘புரோட்டீன் கைனேஸ் ஏ’ங்குத என்சைம எழுப்ப, அது அடுத்தத எழுப்பன்னு படிக்குப் படி பெருகி, ஈரல்லேருந்து சர்க்கரை கொட்டும், காலுக்கு ஓட சக்தி கிடைக்கும். ஆபத்து போனதும் பாஸ்போடைஎஸ்டரேஸ்ங்குத என்சைம் வந்து சைக்ளிக் ஏஎம்பிய வெட்டிப் போட்டுரும். பரீட்சைக்கு எல்லாரும் தொடங்குததப் படிப்பாங்க, நீ நிறுத்துததையும் சேத்துப் படி.

ரெண்டாம் தூதர் இது ஒண்ணுதான்னு நினைச்சுராத, கால்சியமும் உண்டு. செல்லுக்கு வெளிய இருக்குததுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் உள்ள இருக்கும், அதனால கொஞ்சம் கசிஞ்சாலே செல்லுக்கு சேதி தெரிஞ்சுரும்.

கேள்வி (வாசகி, குளச்சல்): எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு உண்டு. பம்ப் அடிச்சா மூச்சு லேசாவுது, ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், கையும் நடுங்கும். மருந்து சேரலியா?

பதில்: அக்கா, பயப்படாதீங்க. நீங்க சொல்லுதது சால்பூட்டமால் பம்ப்னா, அது அட்ரினலினோட ரிசப்டரத்தான் பிடிக்கும், சைக்ளிக் ஏஎம்பியக் கூட்டும். மூச்சுக்குழாய்ல சைக்ளிக் ஏஎம்பி கூடுனா தசை தளரும், இதயத்துல கூடுனா கால்சியம் கூட உள்ள வந்து துடிப்பு கூடும். தூதர் ஒண்ணுதான், ஆனா செல்லுக்குச் செல் கேக்குத ஆள் வேற. கொஞ்ச நேரத்துல அடங்குனா பெரும்பாலும் பிரச்சினை இல்ல, அடங்காம இருந்தாலோ அடிக்கடி பம்ப் தேவைப்பட்டாலோ டாக்டர்கிட்ட சொல்லிருங்க. நீங்களா நிறுத்திராதீங்க.

கேள்வி (வாசகர், குலசேகரம்): காலரா வந்தா ஏன் தண்ணியா போவுது? அதுக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி எப்படிப் போதும்?

பதில்: கிருமி குடலத் தின்னுததில்ல அண்ணே, அது விடுத விஷம் பண்ணுத வேலை. அந்த விஷத்த 1959ல கொல்கத்தால சம்புநாத் டே காட்டினாரு, நோபல் கொடுத்திருக்க வேண்டிய மனுசன்னு இன்னைக்கும் எனக்கு வருத்தம். அது குடல் செல்லுல ஜி புரோட்டீன அணைக்க முடியாதபடி பூட்டிரும், சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கிட்டே போவும், குளோரைடு வெளிய போவும், பின்னாலயே சோடியமும் தண்ணியும் போவும். ஆனா சர்க்கரையும் உப்பும் சேந்து உள்ள வருத கதவ இந்த விஷம் தொடாது. அந்தக் கதவு வழியா தண்ணியும் உள்ள வந்துரும், ஓஆர்எஸ் காப்பாத்துதது அப்படித்தான். பாக்கெட்டுல போட்டிருக்க அளவு தண்ணில கரைச்சு, போகப் போகக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.