செல்வியின் நோட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் ‘அரை நைட்’ கதையை இரண்டு முறை படித்தேன். மில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை பார்க்கும் செல்வியின் பொறுமை என்னை உலுக்கிவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் அவளிடம் அப்படி நடந்துகொண்ட பிறகும் அவள் ஏன் ஊருக்குக் கிளம்பவில்லை? “இன்னும் அஞ்சு மாசம்” என்று நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பவும் ஷிப்டுக்குப் போகிறாளே. துணிச்சலான பெண்ணைக் கடைசியில் அடங்கிப்போக வைத்துவிட்டீர்களோ?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு முறை படித்ததற்கு நன்றி. ‘பொறுமை’ என்று நீங்கள் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. பொறுமையான பெண் வேண்டும் என்றுதான் மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகளும் ஊர் ஊராகத் தேடி வந்தார்கள்.

செல்வி மாதிரிப் பெண்களை மில்லில் சேர்த்த சுமங்கலித் திட்டத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார்கள். அது இனாம் இல்லை, அவளுடைய கூலியில் பிடித்து வைத்த பணம். வரதட்சணையை 1961லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் அந்த வரதட்சணைப் பயத்தை வைத்துத்தான் திண்டுக்கல், கோவை, ஈரோடு பக்கத்து ஸ்பின்னிங் மில்களுக்கு இத்தனை பெண்பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். முதல் மாதம் ஓடிவந்தால் ஒரு மாத உழைப்புதான் போகும். 31ஆவது மாதம் ஓடிவந்தால் அத்தனையும் போகும். நாள் ஆக ஆகப் பூட்டு இறுகிக்கொண்டே வரும். “ஏன் கிளம்பவில்லை” என்று கேட்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் சித்தி மகள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சைடராக, அதாவது நூற்பு மிஷினைப் பார்த்துக்கொள்பவளாக இருந்தாள். நூல் அறுந்தால் ஒட்டுவது எப்படி என்று ஒருநாள் வெறுங்கையால் செய்து காட்டினாள். ஸ்பிண்டிலை நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்னக் கொக்கியில் மாட்டி, ரோலர் பக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும், தானே பிடித்துக்கொள்ளும். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் விரல்கள் தடுமாறவே இல்லை. ஆள்காட்டி விரலில் நூல் கிழித்த தழும்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. முழு நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்குமாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைத்திருந்தாள். ஒரு ஷிப்டுக்கு ஒரு கோடு, ஓவர்டைம் என்றால் பக்கத்தில் அரைக்கோடு. காய்ச்சலில் படுத்த நாளுக்கு ஒரு சுழி. மூன்று வருடம் முடிந்ததும், “நாற்பத்திரண்டு நாள் லீவு, அதையும் முடித்தால்தான் பணம்” என்றார்கள். நோட்டில் இருந்தது ஒன்பதே ஒன்பது சுழி. சித்தியைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை மில் வாசலுக்குப் போனாள். மூன்றாவது தடவைதான் பணம் கைக்கு வந்தது. அப்போது அவளுக்கு இருபது வயது. அவளை அடங்கிப்போனவள் என்று என்னால் எழுத முடியாது.

தொழிற்சங்கத்துக்குப் போயிருக்கலாமே என்று வேறு சிலரும் கேட்டார்கள். கதை நடப்பது 2006இல். போனுக்கும் வார்டன் அனுமதி வேண்டும், வெளியே போனால் கூடவே ஆள் வரும். யாரிடம் போய்ச் சொல்வாள்? 2021இல் திண்டுக்கல் பக்கம் கார்மென்ட்ஸில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் விடாமல் நின்றது. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் தொல்லையைத் தடுக்க, 2022இல் அந்தச் சங்கமும் கம்பெனியும் சேர்ந்து போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிலாளிப் பெண்களே கண்காணிக்கவும், பழிவாங்கலுக்குப் பயப்படாமல் புகார் சொல்லவும் அதில் வழி செய்தார்கள். அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. செல்வியின் கையில் அப்போது இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

சரி, ஒரு சின்ன வேண்டுகோள். நீங்கள் சொன்ன அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். “இன்னும் அஞ்சு மாசம்” என்று எழுதிய பிறகு அவள் நோட்டை மூடுவதில்லை. அதற்குக் கீழே அன்றைய தேதி, மணி, எத்தனையாவது மிஷின் பக்கம், அந்த ஆளின் பெயர், பார்த்த இரண்டு பெண்களின் பெயர், எல்லாவற்றையும் எழுதுகிறாள். அப்புறம்தான் ஷிப்டுக்குப் போகிறாள்.

அன்புடன்