பினாங்குக் கடலை அளப்பது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் கரையோர வேலைகளுக்குக் கடலளவை செய்பவன் நான். பாலமோ படகுத்துறையோ தூர்வாரலோ நிலமீட்போ (கடலை மணலால் நிரப்பி நிலமாக்குவது), எதுவானாலும் முதலில் படகை இறக்குவது எங்கள் ஆட்கள்தான். இந்தத் தொழிலைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தஞ்சோங் தோக்கோங் அடுக்குமாடிவாசி ஒருவர்: எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் படகு கரைக்கும் கடலுக்குமாக நாள் முழுக்கப் போய்ப்போய் வருகிறது. மீன் பிடிப்பதாகவும் தெரியவில்லை. என்ன தேடுகிறார்கள்?

எதையும் தேடவில்லை, கோடு போடுகிறார்கள். படகின் பக்கவாட்டில் ஒரு கம்பு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதன் நுனியில் எக்கோ சவுண்டரின் ஒலிமுனை. அது கீழே ஒலியை அனுப்பி, அடித்தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். கம்பின் தலையில் ஜிபிஎஸ். கரைக்குச் செங்குத்தாகக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிச் சில கோடுகள். வரைபட அளவு 1:1000 என்றால் வழக்கமாக 10 மீட்டருக்கு ஒரு கோடு. குறுக்குக் கோடுகள் சோதனைக்கு: இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே ஆழம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ கோளாறு. வேலை தொடங்குமுன் ஒருமுறை, நடக்கும்போது பலமுறை, முடிந்த பிறகு ஒருமுறை என்று அளப்பதால்தான் அந்தப் படகை அடிக்கடி பார்க்கிறீர்கள்.

பாயான் லெப்பாஸ், சிவில் இன்ஜினியர்: ஒரு சின்னப் படகுத்துறை வேலை. கடற்படை வெளியிட்ட கடல் வரைபடத்தில் அந்த இடத்தில் ஆழம் 3 மீட்டர் என்று இருக்கிறது. சர்வேயர் கொடுத்த வரைபடத்தில் −4.6. சர்வே தப்பா, கடல் வரைபடம் பழசா?

இரண்டுமே சரியாக இருக்கலாம் தம்பி. எதிலிருந்து அளந்தார்கள் என்று கேட்காமல் ஆழத்துக்கு அர்த்தமே இல்லை.

கடல் வரைபடத்தின் பூச்சியம் கப்பல் ஓட்டுபவருக்காக வைத்தது. கடல் எவ்வளவு வற்றினாலும் இதற்குக் கீழே அநேகமாகப் போகாது என்ற மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய மட்டம் அது. கட்டுமான வரைபடத்தின் பூச்சியம் வேறு. தீபகற்ப மலேசியாவில் நிலமட்டங்கள் எல்லாம் போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை பத்தாண்டுகள் கடல்மட்டத்தைக் கவனித்து எடுத்த சராசரியிலிருந்து தொடங்குகின்றன. இந்த இரண்டு பூச்சியங்களுக்கும் உள்ள இடைவெளி உங்கள் இடத்தில் 1.6 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் ஆழம் நிலமட்டத்தில் −4.6 ஆகிவிடும். ஒரே தரை, இரண்டு எண்கள்.

அந்த 1.6ஐ மட்டும் என்னிடமிருந்து எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்! அது கணக்கு விளங்குவதற்காகச் சொன்னது. இடைவெளி கரையோரமாக இடத்துக்கு இடம் மாறும். நில அளவைத் துறையான ஜூப்பெம் உயரம் குறித்துப் பதித்த மட்டக்கல்லிலிருந்து உங்கள் இடத்துக்கு மட்டம் கொண்டுவந்து, அங்கேயே ஒரு ஓதமானியை (ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றத்தை அளக்கும் கருவி) நட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். துறைமுக ஓதப் பட்டியலை வைத்துக்கொண்டு பத்து மாவுங்கிலோ தெலுக் பஹாங்கிலோ அளந்த ஆழத்தைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டியல் என்பது முன்கணிப்பு. காற்றும் காற்றழுத்தமும் கடலை ஏற்றி இறக்குவது அதில் இருக்காது. தீவின் இரண்டு முனைகளில் நீர் ஒரே நேரத்தில் ஏறுவதும் இல்லை.

இப்போது செயற்கைக்கோள் வழியாகப் படகின் உயரத்தையே நேரடியாக எடுக்கிறோம், ஓதமானியே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். முறை நல்லதுதான். ஆனால் செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்தைப் பார்த்து வருவதில்லை, கணிதத்தில் அமைத்த ஒரு நீள்கோளத்தைப் பார்த்து வருகிறது. அதை நிலமட்டத்துக்கு மாற்ற இன்னொரு கணித மாதிரி (மாடல்) வேண்டும், அது சரிதானா என்று பார்க்க மறுபடி ஓதமானி வேண்டும். அடுத்த முறை வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் அடிக்குறிப்பில் எந்தப் பூச்சியம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

கோலாலம்பூர், கியூ.எஸ். (கட்டுமான அளவு, செலவுக் கணக்கு) வேலையில் இருப்பவர்: குத்தகைக்காரர் கொடுக்கும் மண் கன அளவும் எங்கள் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஏமாற்று இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க நிறைய இருக்கிறது அக்கா. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மட்ட வித்தியாசம் 1,000 கன மீட்டர். 100 ஹெக்டேர் நிலமீட்பில் அதே 10 செ.மீ. 100,000 கன மீட்டர் மணல். கடலில் 10 செ.மீ. வித்தியாசம் வர யாரும் கெட்ட எண்ணம் வைத்திருக்க வேண்டியதில்லை.

பினாங்கில் பெரிய காரணம் சேறு. கெர்னி டிரைவில் வற்றத்தின்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சேற்றின் மேற்பகுதி கேழ்வரகுக் கூழ் மாதிரி, தண்ணீரும் இல்லை தரையும் இல்லை. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அந்தக் கூழின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 அல்லது 24 கிலோஹெர்ட்ஸ் அதைத் துளைத்துக் கீழே இறுகிய படிவில் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே பல டெசிமீட்டர் இருக்கலாம். ஒருவர் மேலதை எடுத்து, மற்றவர் கீழதை எடுத்தால் கணக்கு எப்படி ஒக்கும்? ராட்டர்டாம் துறைமுகத்தில் இதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள்: சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,200 கிலோவைத் தொடும் இடம்வரை கப்பலுக்கு ஆழம் என்று கணக்கு. நிலமீட்பில் அப்படியே எடுக்க முடியாது. ஆனால் எந்த அலைவரிசை, எந்தப் பரப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். எழுதாமல் விட்டுவிட்டு ஆறு மாதம் சண்டை போடுவதுதான் நம் வழக்கம்.

இரண்டாவது, மணல் எங்கே போகிறது என்பது. மென்மையான களிமண் மேல் கொட்டும்போது சேறு பக்கவாட்டில் பிதுங்கி மேடாக எழும். கொட்டிய பாரத்தில் களிமண் மாதக்கணக்கில் அமுங்கும். கப்பல் தொட்டியில் அளந்த மணல் ஒரு எண், இறங்கிப் படிந்த மணல் ஒரு எண், மேற்பரப்பை அளந்து கணக்கிட்டது மூன்றாவது எண். அமுங்கியதைக் காட்டும் தகடுகளை முன்பே பதித்து அளந்துவராவிட்டால் காணாமல்போன மணலுக்குக் கணக்கே இருக்காது.

தெலுக் கும்பார், தூண்டில் பிரியர்: நான் 800 ரிங்கிட்டுக்கு வாங்கிய மீன் காட்டும் கருவியும் ஆழம் காட்டுகிறது. ஆயிரக்கணக்கில் வாங்கும் சர்வே எதற்கு?

மீனுக்குப் போக உங்கள் கருவி தாராளம் அண்ணே. கட்டுமானத்துக்கு அது போதாத காரணத்தைச் சொல்கிறேன். கருவி அளப்பது நேரம், ஆழம் அல்ல. தண்ணீரில் ஒலியின் வேகத்தால் பெருக்கி, போய்த் திரும்புவதால் பாதியாக்கித்தான் ஆழம் வரும். நம் வெதுவெதுப்பான கடலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் போகிறது. கருவி 1,500 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 10 மீட்டர் ஆழத்தை 9.74 என்று காட்டும். 26 செ.மீ. போயிற்று.

உலக நீரியல் அமைப்பு எஸ்-44 என்று ஒரு தரவரையறை வைத்திருக்கிறது. கப்பல் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறைவான இடங்களுக்கு அது கொடுக்கும் ‘சிறப்புத் தரம்’ 10 மீட்டர் ஆழத்தில் அனுமதிக்கும் மொத்தப் பிழையே ஏறத்தாழ 26 செ.மீ.தான். ஒலிவேகம் ஒன்றே அத்தனையையும் தின்றுவிட்டால் ஓதத்துக்கும் படகாட்டத்துக்கும் மிச்சம் ஏது? அதனால்தான் நாங்கள் தினமும் காலையில் ஓர் இரும்புத் தகட்டைச் சங்கிலியில் கட்டி ஒலிமுனைக்குக் கீழே 2 மீட்டர், 4 மீட்டர், 6 மீட்டர் என்று இறக்கி, கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். சுங்கை மூடா, சுங்கை பிறை ஆற்றுவாய்ப் பக்கம் மழை பெய்த மறுநாள் நன்னீர் மேலே பரவியிருந்தால் ஒலிவேகம் மறுபடி மாறும், தகட்டை மறுபடி இறக்க வேண்டும்.

யூ.எஸ்.எம். பல்கலைக்கழக மாணவர்: மல்டிபீம், ட்ரோன், செயற்கைக்கோள் படம் எல்லாம் வந்தபிறகும் ஒற்றைக் கற்றை எக்கோ சவுண்டர் ஏன்?

மல்டிபீம் விசிறி மாதிரிப் பரப்பாக அளக்கும், ஆனால் அந்தப் பரப்பு ஆழத்தைப் பொறுத்தது. 120 பாகை விரிவில் 20 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 69 மீட்டர் அகலம் கிடைக்கும். 2 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர்கூட வராது. கப்பல் வழியில் அது ராஜா, சேற்றுத் திட்டில் வீண்செலவு. லேசர் விமானமும் செயற்கைக்கோள் படமும் தெளிந்த தண்ணீரில்தான் அடித்தரையைப் பார்க்கும். நம் கலங்கல் கடலில் அதை மறந்துவிடலாம். ட்ரோன் நல்ல பொருள்: முழு வற்றத்தில் வெளிப்படும் சேற்றுத் திட்டை மேலிருந்து அளந்துவிட்டு, ஏற்றத்தின்போது படகில் போய் அதே இடத்தை அளந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நடுவில் ஓட்டை இருக்காது.

ஜார்ஜ்டவுன், வரலாற்று ஆர்வலர்: முதல் உலகப் போரில் எம்டன் மூழ்கடித்த ரஷ்யக் கப்பல் உங்கள் கருவியில் தெரியுமா?

சென்னையில் குண்டு போட்ட அடுத்த மாதம், 1914 அக்டோபர் 28 அதிகாலையில் அதே எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ஜெம்ச்சுக்கை மூழ்கடித்தது. சிதிலங்களை 1920களில் எடுத்துவிட்டார்கள். நான் தேடிப் போனதில்லை, ஆசை மட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கையில் இருந்த பினாங்கு ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கும் தளமாக இருந்தது, நேச நாட்டு விமானங்கள் இந்தக் கடலில் கண்ணிவெடிகளும் போட்டன. ஆகவே தோண்டும் வேலைக்கு முன் ஒலியால் அடித்தரையைப் படமெடுக்கும் பக்கவாட்டு சோனாரும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் காந்தமானியும் இழுப்பது வெறும் சடங்கல்ல. ஆனால் நடைமுறையில் எங்களுக்கு அதிகம் தட்டுப்படுவது நங்கூரங்கள், கைவிட்ட வலைகள், கடலடிக் கேபிள்கள். தீவுக்குத் தண்ணீர் செபராங் பிறையிலிருந்து கடலடிக் குழாயில் வருகிறது, மறக்கக்கூடாது. அதில் தூர்வாரி பட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை: நாங்கள் குளித்த கடற்கரை இப்போது சேறாகிவிட்டது. நிலமீட்பு வேலைதான் காரணம் என்று சர்வே எடுத்து நிரூபிக்க முடியுமா ஐயா?

டீச்சர், எவ்வளவு சேறு, எந்த இடத்தில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் என்று சர்வே சொல்லும். யாரால் என்று அது தனியாகச் சொல்லாது. நீரோட்டம் வேகம் குறையும் இடத்தில் சேறு படியும். கரைக்கு முன்னால் ஒரு புது நிலம் முளைத்தால் அதன் பின்புறம் நீர் அமைதியாகி, படிவது கூடும். இது பொது விதி. உங்கள் கரையில் நடந்தது அதுதானா என்று சொல்ல வேலைக்கு முந்திய ஆழம், நீரோட்ட அளவு, கலங்கல் அளவு எல்லாம் வேண்டும். நீரோட்டத்தை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களிலும், அரைநிலவை ஒட்டிய சிறிய ஓத நாட்களிலும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் இந்த அளவுகள் பின்னிணைப்பாகக் கிடக்கும், யாரும் திறப்பதில்லை. உங்கள் குடியிருப்போர் சங்கம் கேட்க வேண்டியது புதுச் சர்வே அல்ல. பழைய சர்வேயின் மூல எண்களையும், அதே கோடுகளில், அதே அலைவரிசையில், அதே பூச்சியத்தில் எடுத்த கண்காணிப்புச் சர்வேக்களையும் கேளுங்கள். கோடுகள் மாறியிருந்தால் ஒப்பீடு நிற்காது. வடிகால் பாசனத் துறையான ஜே.பி.எஸ்.தான் கரையோர நீரியல் ஆய்வுகளைப் பார்க்கிறது, கடிதத்தை அவர்களுக்கும் ஒரு நகல் வையுங்கள்.

நிபோங் திபால், ஒரு அம்மா: மகன் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டான். இந்தப் படிப்பு எங்கே? கடலில் ஆபத்து இல்லையா?

ஜியோமேட்டிக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. யூ.டி.எம். பல்கலைக்கழகத்தில் பட்டம், யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்திலும் சில பாலிடெக்னிக்குகளிலும் டிப்ளோமா. கடலளவைக்கென்று உலக அளவில் ‘ஏ’, ‘பி’ என்று இரு பிரிவுச் சான்றிதழ்கள் உண்டு, அவை பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணக்கு பிடிக்க வேண்டும், படகாட்டத்தில் திரையைப் பார்த்தும் வாந்தி வராத வயிறு வேண்டும். நீச்சல் தெரியட்டும். தெரிந்தாலும் உயிர்காப்புச் சட்டை போடாமல் எங்கள் படகில் ஏற முடியாது.

கோலா மூடா, ஒரு தெக்கோங் (மீன்பிடிப் படகோட்டி): சர்வே படகுக்காரர்கள் ஒருமுறை என் வலையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சொல்லத்தான் வேண்டும். கடல்துறை மூலம் கப்பலோட்டிகளுக்கு அறிவிப்பு கொடுப்பது விதி, ஆனால் அது கம்போங் (கிராமத்து) ஜெட்டிக்கு எப்போது வந்து சேர்ந்தது? முதல்நாள் மாலை ஜெட்டியில் போய் உட்கார்ந்து, நாளை எந்தப் பக்கம் ஓடுவோம், யார் வலை எங்கே என்று கேட்டால் வேலை இரட்டிப்பு வேகத்தில் முடியும். எந்தத் திட்டு எப்போது எழும்பியது என்று தெக்கோங்குகளுக்குத் தெரிவது பல வரைபடங்களில் இல்லை. அடுத்த முறை படகின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு மீனவர் சங்கம் வழியாகத் திட்ட உரிமையாளரிடம் கேளுங்கள், சர்வேயரிடம் அல்ல.

பட்டர்வொர்த், மேம்பாட்டு நிறுவன ஊழியர்: 50 ஹெக்டேர் கரையோரம். எத்தனை நாள் ஆகும்? எந்த மாதம் நல்லது?

சுமத்ரா மறைவில் இருப்பதால் நமக்குப் பெரிய அலை குறைவு. அதிகாலையில் அடிக்கும் சுமத்ரா புயல்காற்றுதான் தொல்லை, அது ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரும். நாளைத் தீர்மானிப்பது காற்றைவிட ஓதம். ஆழம் குறைந்த பகுதியில் படகு மிதக்கும் நேரம் ஒவ்வோர் ஏற்றத்திலும் சில மணிதான், நாளின் இரண்டு ஏற்றங்களில் ஒன்று இரவில் விழும். ஆழம் எடுப்பது சில நாளில் முடிந்தாலும், ஓதத்தை ஒழுங்காகப் பகுத்தாய ஓதமானி 29 நாளாவது நிற்க வேண்டும். டெண்டரில் ‘இரண்டு வாரத்தில் சர்வே’ என்று எழுதுமுன் ஜூப்பெம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓதப் பட்டியலைத் திறந்து, உயர்ந்த ஏற்றங்கள் பகலில் விழும் வாரம் எது என்று பாருங்கள். அந்த வாரத்தைச் சர்வேயருக்கு விட்டுவிட்டு மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள்.