டிக்கெட்டில் எம்.ஏ.ஏ., செல்பேசியில் வி.ஓ.எம்.எம்.: எது சரி?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் கணவரும் அடுத்த மாதம் புறப்படுகிறோம். எங்கள் பகுதி ஏஜென்ட் ஒருவரிடம் டிக்கெட் எடுத்தோம். வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். டிக்கெட்டில் சென்னைக்கு எம்.ஏ.ஏ. என்று இருக்கிறது. பேரன் செல்பேசியில் பார்த்தால் வி.ஓ.எம்.எம். என்று காட்டுகிறது. ஏஜென்டிடம் கேட்டதற்கு, “எம்.ஏ.ஏ. மெட்ராஸ் காலத்துக் குறியீடு, டி.ஜி.சி.ஏ. மாற்றிவிட்டது, திருத்தாவிட்டால் இமிகிரேஷனில் நிறுத்திவிடுவார்கள், ஆளுக்கு 4,800 ரூபாய் ஆகும்” என்கிறார். லண்டனுக்கும் ஓரிடத்தில் எல்.ஜி.டபிள்யூ., இன்னோரிடத்தில் எல்.ஓ.என். என்று இருக்கிறது. மகளோ ஹீத்ரோவில் காத்திருப்பதாகச் சொல்கிறாள். டிக்கெட் உண்மையானதுதானா? டி.ஜி.சி.ஏ.வுக்குப் புகார் எழுதலாமா?
(குரோம்பேட்டை வாசகி)

பதில்: முதலில், அந்த 4,800 ரூபாயைக் கொடுக்காதீர்கள், அம்மா. அப்படி ஒரு கட்டணம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. எம்.ஏ.ஏ. என்பதும் சரி, வி.ஓ.எம்.எம். என்பதும் சரி, இரண்டும் நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே குறிக்கின்றன.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பதற்குக் காரணம், அவற்றைப் பயன்படுத்துவோர் வேறு வேறு ஆட்கள் என்பதுதான். டிக்கெட், போர்டிங் பாஸ், பெட்டியில் கட்டும் சீட்டு ஆகியவற்றில் வரும் மூன்றெழுத்துக் குறியீட்டை வழங்குவது ஐயாட்டா. இது 1945ஆம் ஆண்டு விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கம். அரசு அமைப்பு அன்று. நான்கெழுத்துக் குறியீடு ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் முறையைச் சேர்ந்தது. விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது. அதில் முதலில் நிற்கும் ‘வி’ தெற்காசியப் பகுதியையும், அடுத்த ‘ஓ’ தென்னிந்தியாவையும் குறிக்கும். திருச்சிக்கு வி.ஓ.டி.ஆர்., மதுரைக்கு வி.ஓ.எம்.டி., கோவைக்கு வி.ஓ.சி.பி. என்று வருவதைப் பார்த்தால் முறை விளங்கிவிடும். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலிகள் விமானிகளின் குறியீட்டையும் சேர்த்துக் காட்டுவதால் உங்கள் பேரன் கண்ணில் அது பட்டிருக்கிறது. பயணியாகிய உங்களுக்கு அந்த நான்கெழுத்தால் எந்த வேலையும் இல்லை.

எம்.ஏ.ஏ. மெட்ராஸ் என்ற பெயரிலிருந்து வந்தது என்று ஏஜென்ட் சொன்னது உண்மை. மாற்றிவிட்டார்கள் என்றது பொய். 1996இல் நகரத்தின் பெயர் சென்னை ஆன பிறகும் குறியீடு அப்படியே இருக்கிறது. மும்பை இன்றும் பி.ஓ.எம். தான், ஹோ சி மின் நகரம் இன்றும் சைகோனின் எஸ்.ஜி.என். தான். உலகமெங்கும் உள்ள முன்பதிவுக் கணினிகளில் ஊறிப்போன எழுத்துகளை வலுவான காரணம் இல்லாமல் யாரும் தொடுவதில்லை. மேலும், டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இந்த மூன்றெழுத்துகளை வழங்குவதும் இல்லை. விமானம் பறக்கத் தகுதியானதா, விமானிக்கு உரிமம் உண்டா, ஓடுபாதை விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பதும், பயணிகளிடம் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி வகுப்பதும் அதன் வேலை. இமிகிரேஷன் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. அங்கே பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்ப்பார்களே தவிர, சென்னைக்கு எந்தக் குறியீடு போட்டிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

லண்டன் விஷயம் வேறு; அங்கே உங்கள் சந்தேகம் நியாயமானது. எல்.ஓ.என். என்பது விமான நிலையம் அன்று, நகரம். ஒரு நகரத்தில் பல விமான நிலையங்கள் இருந்தால், நகரம் முழுவதற்கும் பொதுவாக ஒரு குறியீடு இருக்கும். கட்டணத்தைக் கணக்கிடும்போது அதைத்தான் எழுதுவார்கள். உங்கள் தாளில் அடிப்பக்கம், பொடி எழுத்தில், இடைவெளிகூடச் சரியாக இல்லாமல் எண்களும் எழுத்துகளுமாக ஒரு வரி ஓடும். எல்.ஓ.என். அந்த வரியில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, மேலே விமான எண்ணும் புறப்படும் நேரமும் உள்ள கட்டத்தைப் பாருங்கள். அங்கே எல்.ஜி.டபிள்யூ. என்று இருந்தால் நீங்கள் இறங்கப் போவது கேட்விக். ஹீத்ரோவின் குறியீடு எல்.ஹெச்.ஆர். இரண்டுக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். இதற்காக டிக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை. மகளை இன்றே அழைத்து, கேட்விக்குக்கு வரச் சொல்லிவிடுங்கள். அங்கே இரண்டு முனையங்கள் இருப்பதால் எந்த முனையம் என்பதையும் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த நகரக் குறியீட்டை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் லண்டனில் இறங்கி வேறு டிக்கெட்டில் இன்னோர் ஊருக்குச் செல்பவராக இருந்தால், ‘லண்டனில் நான்கு மணி நேரம் இடைவெளி இருக்கிறது, தாராளம்’ என்று சொல்லி, ஒரு விமான நிலையத்தில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி மலிவாகக் கோத்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் உண்டு. இறங்குபவர் அந்த நாட்டுக் குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, நகரத்தின் விளிம்பைச் சுற்றிச் சென்று, மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். விசா இல்லாவிட்டால் வெளியே வரவே முடியாது. இரண்டு டிக்கெட்டுகளும் தனித்தனி என்பதால், அடுத்த விமானத்தைத் தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா என்று இதே கதை. வெளிநாடுதான் என்றில்லை, கோவாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் தெற்கே டபோலிமுக்கு ஜி.ஓ.ஐ., வடக்கே மோபாவுக்கு ஜி.ஓ.எக்ஸ். என்ற ஓர் எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல், திரும்பும் நாளில் தவறான விமான நிலையத்துக்குப் போய் நிற்க நேரிடும். ஆகவே கட்டத்தில் உள்ள மூன்றெழுத்தை, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாகப் படியுங்கள்.

இனி, டிக்கெட் உண்மையானதா என்ற கேள்வி. குறியீடு சரியாக இருப்பதால் மட்டும் டிக்கெட் உண்மையாகிவிடாது. ஏஜென்ட்டுகள் சிலர் இடத்தை மட்டும் பிடித்துவைத்து, பி.என்.ஆர். எனப்படும் ஆறு எழுத்து எண்ணுடன் ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்து, பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பார்கள். கெடு முடிந்ததும் பதிவு தானாக விழுந்துவிடும். நான் கவுன்டரில் பணியாற்றிய காலத்தில், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த வயதான தம்பதி துணிக்கடைப் பையிலிருந்து அத்தகைய தாளை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார்கள். வாயிலில் தாளைப் பார்த்து உள்ளே விட்டிருந்தார்கள். என் திரையில் அவர்கள் பெயரே இல்லை. ஏஜென்ட்டின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாள் என்னிடம், “பேரு எழுதியிருக்கே சார், இதோ” என்று தாளையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் தாளில் பி.என்.ஆர். தவிர 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வளைகுடா வழியாகச் செல்லும் பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் அது கட்டாயம் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் அந்த நிறுவனத்துக்கு உரியவை. பிறகு பேரனை விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குச் சென்று, பி.என்.ஆர். எண்ணையும் டிக்கெட்டில் குடும்பப் பெயராக அச்சாகியிருப்பதையும் (நம்மில் பலருக்கு அது தந்தை அல்லது கணவரின் பெயராக இருக்கும்) கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு உறுதியாகி, டிக்கெட் எண்ணும் தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். அப்போதே அங்குள்ள தொடர்பு எண்ணையும் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் தன் எண்ணைத்தான் போட்டிருப்பார். விமான நேரம் மாறினால் செய்தி அவருக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது. உங்கள் எண்ணை அதில் சேர்த்துவிடுங்கள். கடையில் ‘ஐயாட்டா அங்கீகாரம்’ என்று பலகை தொங்குகிறதே என்று நினைக்க வேண்டாம்; அது அரசு கொடுத்த உரிமம் அன்று.

புகாரைப் பொறுத்தவரை, டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதுவதால் இந்த விஷயத்தில் பயன் இல்லை. டிராவல் ஏஜென்ட்டுகளுக்கு உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அதன் கையில் இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்று டி.ஜி.சி.ஏ. விதி தெளிவாகச் சொல்கிறது. டிக்கெட்டைப் பயன்படுத்தாவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் நிறுவனத்திடம் கேட்டால் ஏஜென்டைக் கேள் என்பார்கள், ஏஜென்ட் நிறுவனத்தைக் கேள் என்பார். பெயரில் எழுத்துப்பிழை வந்தால் இலவசமாகத் திருத்திக்கொள்ளும் சலுகையையும், நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கியவருக்கே விதி தருகிறது. இணையம் பழகாமல் ஏஜென்டிடம் போகிற பெரியவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது விதி எழுதியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

நீங்கள் செய்ய வேண்டியது: குறியீடு மாறியதற்கான உத்தரவையும் கட்டண விவரத்தையும் எழுத்தில் தரும்படி ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே இணையவழியில் பணம் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். விமான நிறுவனத்தின் மீதே குறை என்றால், புகாரைப் பதிவு செய்ய அரசின் ஏர்சேவா இணையதளம் இருக்கிறது.

புறப்படும் நாளில், கவுன்டரில் பெட்டியைக் கொடுத்ததும் அதில் கட்டுகிற நீளச் சீட்டைப் பாருங்கள். பெரிய எழுத்தில் எல்.ஜி.டபிள்யூ. என்று இருக்க வேண்டும். இருந்தால் பெட்டியை இனி கேட்விக்கில்தான் எடுக்க வேண்டும், நடுவில் வளைகுடாவில் தேட வேண்டியதில்லை. வேறு எழுத்து இருந்தால், பெட்டி நகரும் பட்டையில் உள்ளே போவதற்குள் கவுன்டரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.