அப்பா பேசாததை மகள் ஏன் மேடையில் பேச வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நன்றாகப் பாடுவாள். பத்து வருஷமாக டிவியில் வரும் பாட்டுப் போட்டிகளில் ஒன்றையும் நான் விட்டதில்லை. எந்த வாரம் யார் வெளியே போவார்கள் என்று முன்னாடியே சொல்லிவிடுவேன். வெறும் குரலை வைத்துக்கொண்டு யாரும் மேலே வருவதில்லை, கூடவே ஒரு கதை வேண்டும். வீட்டு வேலை செய்துவிட்டுப் பாட வந்த ரமணியம்மாளையே பாருங்கள். அதனால் மகளுக்கு இரண்டு பாட்டோடு, அவள் அப்பா மீன்பிடிக்கப் போய்ப் பிடிபட்டு யாழ்ப்பாணம் ஜெயிலில் இருந்த கதையையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லப் பழக்கியிருக்கிறேன். சரியான இடத்தில் கண்ணும் கலங்கிவிடுகிறது. (அவர் இப்போதும் கடலுக்குப் போகிறார். ஜெயிலைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். கூடப் பிடிபட்டவர்களிடம் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன்.) ஆடிஷனில் எந்த மாதிரிப் பாட்டு எடுபடும்? கதையைப் பாட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டுமா, பின்னாலா? தெரிந்தவர் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் நேராக நடுவர் சுற்றுக்கே அனுப்புகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
— பாம்பன் வாசகி

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்ட வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்காரர் ஜெயிலைப் பற்றி வாயே திறப்பதில்லை. நீங்கள் கூடப் போனவர்களிடம் விசாரித்து, அதை இரண்டு நிமிஷத்துக்கு வெட்டி, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண் கலங்க வேண்டும் என்று பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பிடிபட்டுத் திரும்பிய மனுஷர் வீட்டில் பேசாமல் இருக்கிறார் என்றால், பிள்ளைக்கு முன்னால் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஊருக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும், மகள் வாயால் மட்டும் அவர் அதைக் கேட்டதில்லை. உங்கள் திட்டப்படி முதல் தடவையாக அதை டிவியில் கேட்பார். பின்னால் வயலின் ஓடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து வெளியே போகக்கூட முடியாது, மகள் பாடிக்கொண்டிருப்பாள். புருஷன் சம்பாத்தியத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் பட்ட அவமானத்தை எடுக்க அவரைக் கேட்டாக வேண்டும்.

இது மானத்தோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. இலங்கை நீதிமன்றங்கள் நம் ஆட்களை விடும்போது பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனையோடுதான் அனுப்புகின்றன. மறுபடியும் பிடிபட்டால் கதை வேறு. 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்கும் இரண்டாம் முறை சிக்கியவர்களுக்கும் சிறைத் தண்டனை விழுந்ததும், அதைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் கச்சத்தீவு திருவிழாவையே புறக்கணித்ததும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர் அவர். ‘எங்கப்பா எல்லை தாண்டிப் போயி மாட்டிக்கிட்டாங்க’ என்று மகள் சொல்லும் கிளிப், ஊர், பெயர், முகத்தோடு யூடியூபில் காலத்துக்கும் கிடக்கும். அதை யாராவது எடுத்துக் காட்டுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்துக் காட்டும்படி ஒன்றை நம் வீட்டிலிருந்தே ஏன் கொடுத்தனுப்ப வேண்டும்?

‘கண்ணும் கலங்கிவிடுகிறது’ என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அது நடிப்பு என்றால் இரண்டாவது டேக்கில் காட்டிக்கொடுத்துவிடும். நிஜம் என்றால், அப்பா திரும்பி வருவாரா என்று காத்திருந்த நாட்களுக்கு ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்தப் பிள்ளையைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அப்பா அடுத்த தடவை கடலுக்குக் கிளம்பும் ராத்திரி அவள் தூங்குகிறாளா என்று பார்த்தீர்களா?

உங்கள் பத்து வருஷ அனுபவத்துக்கு வருவோம். வெட்டி ஒட்டி முடித்ததைத்தான் நீங்கள் இத்தனை நாளும் பார்த்திருக்கிறீர்கள். போட்டியாளரின் வீட்டையும் கஷ்டத்தையும் காட்டும் அந்த மூன்று நிமிஷத் துண்டை அவர்கள் ‘ஏவி’ என்பார்கள். அதற்காக ஒரு நாள் முழுக்க வீட்டில் வந்து எடுப்பார்கள். ஒரே கேள்வியை நாலு தடவை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். குரல் உடைகிற பதில்தான் எடிட்டிங்கில் நிற்கும், சிரித்துக்கொண்டே சொன்ன மூன்றும் போய்விடும். நடுவர் கண்ணைத் துடைக்கும் ஷாட் அந்தக் கதைக்குத்தான் எடுத்ததா என்று பார்க்கிறவர்களால் சொல்லவே முடியாது. நடுவர்கள் எழுந்து ஓடிவந்து கட்டிப்பிடிப்பதை எல்லாம் மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். அது அன்றைய புரோமோவுக்கு.

கதைக்கு ஓட்டு விழும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் சில வாரங்களோடு சரி. அதே அழுகையை ஏழாவது வாரமும் காட்டினால் உங்களைப் போன்ற ரசிகர்களே ‘ஆரம்பிச்சுட்டாங்கப்பா’ என்று சேனலை மாற்றுவார்கள். நீங்களும் மாற்றியிருப்பீர்கள்.

ரமணியம்மாளை இதில் இழுக்கவே கூடாது. 2018-ல் சரிகமப மேடையில் இரண்டாம் இடம் வந்தபோது அவர் அறுபதைத் தாண்டியவர். வீட்டு வேலை செய்த கதை அவருடைய சொந்தக் கதை, அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ததும் அவர்தான். ராக்ஸ்டார் என்று பெயர் வந்தது அந்தக் குரலின் துள்ளலுக்கு. உங்கள் மகள் சொல்லப்போவது இன்னொருவர் கதை, அதுவும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாமல்.

பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்றால், எங்கேயும் வேண்டாம். பாட்டுக்கு முன்னால் என்றால் பாட்டும் கெட்டுப்போகும். அழுகை வரும்போது தொண்டைக் குழி இறுகி மேலே ஏறும், மூக்கு அடைத்துக்கொள்ளும், மூச்சு துண்டு துண்டாக வரும். உடனே பாடினால் நீண்ட சங்கதி பாதியில் அறுந்துவிடும். பெரியவர்களுக்கே குரல் உடனே திரும்பாது. மேடையில் ஏவி ஓடி முடித்த கையோடு மைக்கைக் கொடுப்பார்கள்.

சரி, ஆடிஷன். நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சுற்றுதான் ஆடிஷன் என்று நினைக்காதீர்கள். அது மூன்றாவதோ நான்காவதோ படி. முதல் படியில் ஏதாவது ஒரு மண்டபமோ கல்லூரியோதான் இடம். காலையிலிருந்து வரிசை, கையில் டோக்கன், உள்ளே ஓர் அறையில் சங்கீதம் தெரிந்த ஒன்றிரண்டு பேர், ஒரு கேமரா. வாத்தியமும் இருக்காது, கரோக்கியும் இருக்காது. முப்பது, நாற்பது விநாடியில் ‘போதும்மா’ என்பார்கள். பிடித்திருந்தால் ‘வேற மாதிரி ஒண்ணு பாடு’ என்பார்கள். ஆகவே இரண்டு பாட்டு போதாது, நாலு வேண்டும். ஒரு மெலடி, ஒரு வேகமான பாட்டு, ராகச் சாயல் தெளிவாகத் தெரியும் பழைய பாட்டு ஒன்று, நாட்டுப்புறப் பாட்டு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிஷத்துக்குச் சுருக்கி வையுங்கள். ஹம்மிங், இடையிசை எல்லாம் வேண்டாம். பாட்டின் அழகு சரணத்தில் இருந்தால் சரணத்திலேயே ஆரம்பிக்கட்டும், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். கடைசி வரிக்காக எதையும் சேமித்து வைக்கக் கூடாது, அதுவரை கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் சுருதியில். இந்த வயதுப் பெண் பிள்ளைகள் பலருக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதி சுகமாக இருக்கும். பதற்றத்தில் எடுக்கும்போது அரைக் கட்டை, ஒரு கட்டை தூக்கி எடுத்துவிடுவார்கள். பல்லவி தப்பித்துவிடும், சரணத்தின் உச்சியில் கீச்சென்று பிடித்துக்கொள்ளும். போனில் தம்பூரா ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ‘ஸ’ என்னும் ஸட்ஜத்தைப் பத்து விநாடி கேட்கட்டும். அணைத்துவிட்டு, துணை இல்லாமல் பாடட்டும். பாடி முடித்ததும் ஆப்பை மறுபடி போடுங்கள். அவள் வந்து நின்ற இடமும் சுருதியும் ஒட்டுகிறதா? பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஒட்டுகிற வரைக்கும் அந்தப் பாட்டை வெளியே பாட வேண்டாம்.

கரோக்கியில் மட்டுமே பழகுவது இன்னொரு வில்லங்கம். டிராக் தாளத்தைத் தாங்கிக்கொள்ளும், பிள்ளை அதன் மேல் சாய்ந்துகொள்ளும். அறைக்குள் தனியாக நிற்கும்போது இரண்டாவது வரியிலேயே வேகம் பிய்த்துக்கொள்ளும். வாரத்தில் நாலு நாள் டிராக் இல்லாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பாடட்டும். டிராக்கோடு பாடும் நாட்களில் ஒரிஜினல் கட்டையைப் பிடித்துத் தொங்காதீர்கள். கரோக்கி ஆப்பில் ஒரு படி இறக்கினால் அரைக் கட்டை குறையும்.

நாட்டுப்புறப் பாட்டு வேண்டும் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. ஆடிஷனுக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் போன சீசனில் கைதட்டல் வாங்கிய அதே பத்துப் பாட்டைத்தான் கொண்டுவருவார்கள். கேட்கிறவர்களுக்குச் சலித்துப்போயிருக்கும். ஊர் ஊராக மேடையில் நாட்டுப்புறப் பாட்டு பாடி வந்த செந்தில் கணேஷ் 2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் கரையில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு இருக்கிறது. இன்றைய பிள்ளைகளில் யாருக்கும் தெரியாது, உங்கள் மாமனார் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஒருவேளை வீட்டுக்காரருக்கே இரண்டு அடி தெரிந்திருக்கும். அவரிடமிருந்து மேடைக்கு ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், போய் அதைக் கேளுங்கள்.

சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் இறங்கிய கையோடு பாட வைக்க வேண்டாம். ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது ‘இன்னொரு தடவை பாடிப் பாரு’ என்று நச்சரிக்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் குரலைத் தொலைப்பது அந்த வரிசையில்தான், தொலைக்க வைப்பதும் பெற்றவர்கள்தான்.

15,000 கேட்கும் ‘தெரிந்தவரை’ இனிமேல் தெரியாதவராக்கிக்கொள்ளுங்கள். ஆடிஷனுக்குச் சேனல்கள் காசு வாங்குவதில்லை.

தேர்வாகிவிட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகள் 14 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கும் பொருந்தும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பு கெடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைக்குக் கிடைக்கும் பணத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ‘ஏவியில் அப்பா விஷயம் எடுக்கக் கூடாது’ என்பதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்று சொல்கிற ஒருங்கிணைப்பாளரும் இருப்பார். அப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற தெம்பு உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே யோசித்து வையுங்கள். அந்த ஒரு மேடையை விட்டால் எல்லாம் போச்சு என்றும் பயப்பட வேண்டாம். 2005-ல் ஃபேம் குருகுல் என்ற இந்திப் பாட்டுப் போட்டியில் தோற்று வெளியே வந்தவர்தான், பின்னால் பெரிய பாடகரான அரிஜித் சிங்.

இந்த வாரமே அந்த ஒத்திகையை நிறுத்துங்கள். மகளிடம் ‘அம்மா செய்தது தப்பு, அது அப்பாவோட விஷயம்’ என்று நேராகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் 61 நாள் அவர் கரையில்தான் இருப்பார். அப்போது உட்கார்ந்து, மகளை ஆடிஷனுக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். கதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அனுப்புவதைப் பற்றி மட்டும். சரி என்றால் கூடவே அவரும் சென்னைக்கு வரட்டும். தடைக்காலத்துக்கு முன்பே ஆடிஷன் தேதி வந்துவிட்டால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். 11 வயதுதான் ஆகிறது, அடுத்த சீசனுக்கும் அவளுக்கு வயது இருக்கிறது.