சிஸ்டர், இது எந்தக் கம்பெனி?

(2021-ல் கோவிட் தடுப்பூசி மேசையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: அப்போது என் மாமனார் "ஃபைசர் வந்தால்தான் போட்டுக்கொள்வேன்" என்று இரண்டு மாதம் ஊசியே போடாமல் இருந்தார். வரிசையில் நின்று அஸ்ட்ராஜெனிகா போட்டுக்கொண்ட மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கம்பெனி பார்த்தது தப்பா சிஸ்டர்?

ப: உங்கள் மாமனாரைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வந்து உட்காருவார்கள், சட்டைக் கையை மடிப்பார்கள், நான் பஞ்சை எடுப்பேன். அப்போதுதான் மேசை மேல் இருக்கும் குப்பியை எட்டிப் பார்த்து, "சிஸ்டர், இது எந்தக் கம்பெனி?" சொன்னதும் மடித்த கை கீழே இறங்கும். அஸ்ட்ராஜெனிகா குப்பி ஒன்றில் பத்து டோஸ். மூடியில் ஊசி இறங்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. கடைசிக் குப்பியில் மூன்று டோஸை மிச்சம் வைத்துக்கொண்டு, யாராவது வரமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்கள் உண்டு. கோபம் வராமல் இருக்குமா?

இது நம் ஆட்களின் குணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரேசிலில் இப்படிப்பட்டவர்களுக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்: "தடுப்பூசி சொமிலியே". சொமிலியே என்றால் எந்த ஒயின் உசத்தி என்று ருசி பார்த்துச் சொல்பவர். கம்பெனி பார்த்துத் திரும்பிப் போனவர்களைச் சில நகராட்சிகள் வரிசையின் கடைசிக்கே அனுப்பின. பிலிப்பைன்ஸில் ஃபைசர் என்று தெரிந்ததும் கூட்டம் அம்மியது; 2021 மே மாதம் 'எந்தக் கம்பெனி என்பதை முன்கூட்டியே அறிவிக்காதீர்கள்' என்று உள்ளாட்சிகளுக்கு உத்தரவு போட்டார்கள். மலேசியா இதற்கு நேர் எதிர் வழியில் போனது. அஸ்ட்ராஜெனிகாவுக்குப் பயப்படுகிறீர்களா, சரி, விரும்புகிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று அதைத் தனியே பிரித்து முன்பதிவு திறந்தார்கள். 2 லட்சத்து 68 ஆயிரம் இடங்களும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின! கட்டாயம் இல்லை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொன்னதும் அதே மருந்துக்கு அடிதடி. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். 'ஃபைசர் வந்தால் சொல்லியனுப்புங்கள்' என்று எங்கள் மேசையில் போன் நம்பர் எழுதிக்கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். வந்தது. போன் செய்தேன். "கொஞ்ச நாள் போகட்டும்மா, மாடர்னா நல்லா இருக்குங்கறாங்க" என்றார். அவருக்குப் பிரச்சினை கம்பெனி இல்லை, ஊசி. பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆண்பிள்ளைக்குக் கூச்சம். கம்பெனி பெயரைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது. உங்கள் மாமனார் அந்த ரகமா என்று எனக்குத் தெரியாது. அறுபது வயதுக்கு மேல் உள்ளவர், அத்தனை பரவல் இருந்த நேரத்தில், இரண்டு மாதம் வெறும் கையோடு இருந்தது ஆபத்தான சூதாட்டம். ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம். ஆனால் மாமியார் சொல்லிக்காட்டுவதில் நியாயம் இருக்கிறது.

கே: ஃபைசர் 95 சதவீதம், ஜான்சன் 66 சதவீதம் என்று போட்டார்கள். மார்க் கூடியதைத் தேடியதில் என்ன தவறு?

ப: ஒரே கேள்வித்தாள் என்றால் மார்க்கை ஒப்பிடலாம் தம்பி. இங்கே ஆளுக்கொரு கேள்வித்தாள். ஜான்சன் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2021 ஜனவரி அறிவிப்பில் அமெரிக்காவில் 72 சதவீதம், தென்னாப்பிரிக்காவில் 57. மருந்து அதேதான், அங்கே சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் வேறு. சீனாவின் சினோவாக் ஊசி பிரேசிலில் 50-ஐ ஒட்டி நின்றது, துருக்கியில் 83-ஐத் தாண்டியது. பிரேசிலில் சோதித்தது முழுக்க மருத்துவ ஊழியர்களிடம். லேசான தொண்டை வலியைக்கூடக் கணக்கில் சேர்த்தார்கள்.

அப்புறம், 95 சதவீதம் என்றால் நூறு பேரில் ஐந்து பேருக்குக் கோவிட் வரும் என்று பலர் நினைத்தார்கள். இல்லை. ஃபைசர் சோதனையில் 43 ஆயிரம் பேரில் நோய் வந்தது 170 பேருக்கு. அதில் 162 பேர் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்கள், 8 பேர்தான் நிஜ ஊசி போட்டவர்கள். அந்த விகிதம்தான் 95.

பார்த்திருக்க வேண்டிய மார்க் வேறு ஒன்று. 2021 ஜூனில் இங்கிலாந்தில் டெல்டா வகை வைரஸ் பரவியபோது எடுத்த கணக்கில், ஆஸ்பத்திரியில் சேரும் நிலையைத் தடுப்பதில் இரண்டு டோஸ் ஃபைசர் 96 சதவீதம், இரண்டு டோஸ் அஸ்ட்ராஜெனிகா 92. இந்த நான்கு சதவீதத்துக்காகவா இரண்டு மாதம் காத்திருந்தோம்? ஆனால் இந்தக் கணக்கு பேப்பரில் சின்னதாகத்தான் வந்தது. 95-ம் 66-ம் கொட்டை எழுத்தில் வந்துவிட்டன.

கே: நான் அஸ்ட்ராஜெனிகா போட்டவள், வயது 34. 2024-ல் அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்களாமே. ரத்தம் உறைந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.

ப: தூங்குங்கள் அம்மா. அந்த ரத்த உறைவுப் பிரச்சினை ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வருவது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வருஷங்கள் ஆகிவிட்டன. 2024-ல் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது, புது வைரஸுக்கேற்ற ஊசிகள் குவிந்து பழையதை வாங்க ஆள் இல்லாததால் என்று அவர்களே சொன்னார்கள்.

ஆனால் பயத்தைக் கிளப்பிய விஷயம் பொய் இல்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, கூடவே ரத்தம் உறைவது. மிக அரிது, இங்கிலாந்துக் கணக்கில் 50 வயதுக்குக் கீழே சுமார் 50 ஆயிரத்தில் ஒருவருக்கு, அதற்கு மேலே லட்சத்தில் ஒருவருக்கு. 2021 ஏப்ரல் 7-ம் தேதி ஐரோப்பிய மருந்துகள் முகமை இதை அரிய பக்கவிளைவாகச் சேர்த்தது. அதே நாளில் இங்கிலாந்து முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி என்றது; ஒரு மாதத்தில் அதை நாற்பது ஆக்கியது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளுக்கும் சிக்கல் இருந்தது. இளம் ஆண்களில் சிலருக்கு இதயத் தசை வீங்கியதால், அக்டோபரில் சுவீடனும் பின்லாந்தும் அவர்களுக்கு மாடர்னாவை நிறுத்திவைத்தன.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "எது முதலில் கிடைக்கிறதோ அதுதான் நல்ல ஊசி" என்று எங்களுக்கு ஒரு வாசகம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். மார்ச் கடைசியில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, "என் வயசுக்கு இது சரியா சிஸ்டர்?" என்று கேட்டாள். கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அதே வாசகத்தைச் சொல்லி அஸ்ட்ராஜெனிகாவைப் போட்டு அனுப்பினேன். பத்து நாளில் ஏப்ரல் 7 செய்தி. அவள் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. இரண்டாவது டோஸுக்கு நல்லபடியாக வந்தாள், ஃபைசர் போட்டேன். எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அறுபது வயதுக்காரருக்கு அந்த வாசகம் சரி. அவளுக்கு அதைச் சொன்னது சோம்பேறித்தனம்.

கே: முதல் டோஸ் ஒன்று, இரண்டாவது வேறு. கலந்து போட்டது உடம்பைக் கெடுக்குமா?

ப: கெடுக்காது. ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் மெர்க்கெல் அம்மையாரே ஏப்ரலில் அஸ்ட்ராஜெனிகா, ஜூனில் மாடர்னா போட்டுக்கொண்டவர். அஸ்ட்ராஜெனிகாவுக்குப் பின் ஃபைசர் போட்டால் எதிர்ப்புப் புரதம் கூடுதலாகவே உருவானது என்று இங்கிலாந்துச் சோதனையில் கண்டார்கள். காய்ச்சலும் உடம்புவலியும் மட்டும் கொஞ்சம் அதிகம்.

கே: வெளிநாட்டு வேலைக்காகக் கம்பெனி பார்த்தேன். சுயநலமா?

ப: இல்லவே இல்லை. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3-ம் தேதிதான் தான் அங்கீகரித்த ஊசிகளின் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் அந்தப் பட்டியலுக்கு வரவே இல்லை. அப்போது விமான நிலையத்தில் கேட்டது ஆளை இல்லை, சான்றிதழை. கம்பெனி பார்த்தவர்களில் உங்களுக்குத்தான் தெளிவான காரணம் இருந்தது.

கே: நீங்கள் எது போட்டுக்கொண்டீர்கள் சிஸ்டர்?

ப: முதல் இரண்டும் அஸ்ட்ராஜெனிகா, மூன்றாவது ஃபைசர். முதல் டோஸ் அன்றைக்கு ராத்திரி முழுக்கக் குளிர் ஜுரம், மறுநாள் டியூட்டி. மேசையில் சதவீதத்தைவிட அதிகமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அட்டையில் அச்சடித்திருந்த விளக்கத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "நீங்க எது போட்டீங்க? ஜுரம் வந்துச்சா?" என்பார்கள். ஜுர ராத்திரியைச் சொல்லி முடிப்பதற்குள் பலர் கையை மடித்துவிடுவார்கள்.